அறுபது மடங்கில் ஆடிய அட்டை

அன்பு மச்சான்,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு முதல்முறையாக நம் ரைபிள் கிளப்புக்குப் போனேன். படுத்து ஐந்து குண்டு சுட்டுவிட்டு, துளை விழுந்த இடத்தைப் பார்க்கப் புதிதாக வாங்கிய ஸ்கோப் என்ற தூரநோக்கியில் கண்ணை வைத்தால் ஐந்தும் குறி அட்டையின் நட்டநடுவில். எனக்கு நானே 'பலே' போட்டுக்கொண்டேன். பக்கத்தில் படுத்திருந்த லாரிப் பட்டறைக்காரர் மெல்லத் திரும்பினார். "ஏனுங்க, என்ற அட்டையை எதுக்குங்க அப்படி ரசிக்கறீங்க?"

என் அட்டையில் இரண்டே துளை, அதுவும் ஓரத்தில். மற்ற மூன்றும் எங்கே போயின? உங்களுக்குத் தெரிந்தால் கனவில் வந்து சொல்லுங்கள்.

இத்தனை வருடம் என் பின்னால் உட்கார்ந்து, "மாப்ளே, எடப்பக்கம் இழுக்குது பாரு" என்று நீங்கள்தானே ஸ்கோப்பில் பார்த்துச் சொன்னீர்கள். ஐம்பது மீட்டரில் கறுப்பு வட்டத்துக்குள் விழும் துளை வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. உங்கள் பழைய ஸ்கோப்பை அக்கா தர மறுத்துவிட்டாள். மாடியிலிருந்து எதிர்வீட்டுக் கல்யாண வேலைகளை அதில்தான் மேற்பார்வை செய்கிறாள்.

நீங்கள் வேண்டாம் என்ற அறுபது மடங்கு பெரிதாகக் காட்டுவதைத்தான் கடையில் ஆசையாக எடுத்தேன். நாமக்கல் வெயிலில் பத்து மணிக்கே கானலில் அட்டை நெளிந்தது. அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில் அது யாருடைய அட்டை என்று காட்ட மேலே இருந்த எண்ணும் பார்வைக்குள் வரவில்லை. இருபத்தைந்துக்கு இறக்கினேன். அட்டை அடங்கியது, எண்ணும் தெரிந்தது. கண்வைக்கும் முனை வளைந்ததாக வாங்கியது ஒன்றுதான் நான் கேட்ட உங்கள் பேச்சு. தொப்பையைத் தூக்காமல் படுத்தபடியே பார்க்க முடிகிறது.

போன ஞாயிறு மாநிலப் போட்டிக்கான தேர்வு. மூன்று வருடமாக ஒன்றிரண்டு புள்ளியில் நாம் கோட்டைவிட்டது. இந்த முறையும் விட்டால் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். கடைசிப் பத்துக் குண்டுக்கு முன் ஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாம் இடப்பக்கம். பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நீங்கள் சொல்வதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். துப்பாக்கியின் குறி திருகை வலப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பினேன்.

தேறிவிட்டேன் மச்சான்.

"அவரு இல்லாமயே தேறிட்டியா சாமி? அப்ப இத்தன நாளு அவருதான் ஒன்னையக் கெடுத்தாரா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

மாநிலப் போட்டிக்கு இந்த ஸ்கோப்பைக் கட்டாயம் தூக்கிப் போவேன். உங்கள் இடத்தில் அதுதான் உட்காரும்.

இன்னமும் உங்களுக்குப் பயந்து மூச்சடக்கும் மச்சினன்,
தங்கராசு

பி.கு.: மாநிலப் போட்டி நடக்கும் இடத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறார்களாம். குண்டு பட்ட இடத்தை அதுவே காட்டிவிடுமாம்.