கிரின்ஸ்டெட்டுக்கு அனுப்பிய பூ

சென்ற சனிக்கிழமை பிற்பகல் மகனுடைய வீட்டுக் கதவை நான் திறந்தபோது, வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளும் வெண்ணெயும் சேர்ந்து வேகும் மணம் வந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். முழு வான்கோழியின் வயிற்றுக்குள் தூளும் உள்ளியும் அடைத்து, தோலில் வெண்ணெய் பூசி வேகவைப்பது உம்முடைய கைப்பழக்கம். என் மருமகள் அதை உம்மிடம் கேட்டு ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தாளாம். எனக்குச் சொல்லவில்லை. "மாமி, குளிர் உள்ளுக்கு வருது, கதவைச் சாத்துங்கோ" என்று அவள் குசினியிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் அசைந்தேன்.

நீர் இல்லாமல் வந்த முதல் நன்றி நாள் அது.

இந்த நாளை எங்களுக்குக் கொண்டுவந்தவர் என் பள்ளிக்கூடத் தோழியான நீர்தான். அமெரிக்காவில் உம்முடைய மகளிடம் ஒரு கார்த்திகை மாதம் இருந்துவிட்டு வந்து, இறங்கிய மறுநாளே உம்முடைய டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தீர். அங்கே வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து நன்றி சொல்கிறார்கள், எங்கள் ஆட்களுக்கும் இது வேண்டும் என்றீர். நன்றி சொல்லத்தான் பொங்கல் இருக்கிறதே, சூரியனுக்குச் சொல்கிறோமே என்று நான் மறித்தேன்.

"சூரியன் இஞ்சை விசிட்டுக்கு வந்திட்டுப் போற ஆள். அவருக்கு ஏனப்பா நன்றி?" என்றீர்.

அமெரிக்கர்களுக்கு வியாழக்கிழமை. எங்களுக்கு வியாழக்கிழமை வேலை. ஆகவே சனிக்கிழமைக்கு மாற்றினீர்.

ஒரு நல்ல நன்றி நாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் உமக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான்கு மணி என்று அழைத்தால் நான்கு மணிக்கு ஆட்கள் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மேசைவிரிப்பு மடிப்புத் தெரியாமல் மினுக்கியிருக்க வேண்டும். கத்தியும் முள்ளுக்கரண்டியும் அதனதன் பக்கத்தில் கிடக்க வேண்டும். இறைச்சி வெட்டுபவர் கதைத்துக்கொண்டு வெட்டக்கூடாது. நீரோ ஆறு மணிக்கு வந்தவர்களையும் சிரித்துக்கொண்டு வரவேற்றீர். காகிதத் தட்டு வைத்தீர். உமக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் மேசையில் இருக்கும் ஒருவருடைய முகத்தைப் பார்த்து, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி, நன்றி சொல்ல வேண்டும். சமைத்தவருக்குச் சொல்லக்கூடாது, அது டேனிஷ்காரர் தினமும் சொல்வது. கடவுளுக்கும் சொல்லக்கூடாது.

"கடவுளுக்குச் சொல்லுறது லேசப்பா," என்றீர். "அவர் திரும்பி எங்கட முகத்தைப் பாக்கமாட்டார். ஆக்களுக்குச் சொல்லேக்கைதான் வெக்கம் வரும். வெக்கம் வராட்டில் அது நன்றியில்லை."

அந்த வெட்கம் எனக்குத் தெரியும். நீரும் நானும் ஒரே கொன்வென்ற்றில் படித்தோம். பரிசளிப்பு விழாவில் நன்றியுரை சொல்ல சிஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார். உச்சரிப்புச் சுத்தம், ஒரு பெயரும் தவறாது. நீர் கடைசி வரிசையில் இருந்து கொட்டாவி விடுவீர். ஆனால் வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மா சோறு போட்டார், சாப்பிட்டோம். நன்றி சொல்லியிருந்தால் அவரைப் பிறத்தியாராக்கியதுபோல இருந்திருக்கும். இந்த நாட்டுக்கு வந்து பார்த்தால், பஸ் சாரதிக்கு ஒரு நன்றி, 'தக்'. சாப்பிட்டு எழும்பும்போது சாப்பாட்டுக்குத் தக். போன கிழமை சந்தித்ததற்கு இந்தக் கிழமை ஒரு தக். இவர்களுக்கு நன்றி தும்மல் மாதிரி வருகிறது என்று சொல்லி நான் சிரித்திருக்கிறேன்.

உமக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று இருந்தது. அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் கணவர் பாரிசவாதத்தில் விழுந்து, வைலேயில் எங்கள் வீட்டுக் கட்டிலில் இரண்டு வருடம் கிடந்தார். கொம்யூன் நகரசபை அனுப்பிய உதவிப் பெண்ணை இரண்டாம் நாளே திருப்பி அனுப்பினேன். சப்பாத்துடன் உள்ளே வந்தாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். அந்நியப் பெண் ஒருத்தி இவரைத் துடைப்பதை என்னால் பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை. அடுத்த புதன்கிழமை, முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, நீர் கார் ஓட்டிக்கொண்டு வந்து நின்றீர். நான் கூப்பிடவில்லை. இரண்டு வருடமும் புதனும் சனியும் வந்தீர். படுக்கைவிரிப்பைப் பிடித்து அவரைப் புரட்டும் விதத்தைக் காட்டித் தந்தீர். அவருடைய முதுகில் ஒரு புண் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவரை இந்த நாட்டில் மாஸ்டர் என்று கூப்பிட்டது நீர் ஒருவர்தான். "மாஸ்டர், இண்டைக்கு ஷேவ் எடுத்தால் நாளைக்குப் பொம்பிளை பாக்கப் போகலாம்" என்பீர். அவருடைய பாதி முகம் சிரிக்கும். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் கணவருடைய உடம்பை என்னைவிட நன்றாகக் கையாளத் தெரிந்த ஒரு பெண் என் வீட்டில் நின்றாள். எனக்கு நன்றி வந்தது. நன்றியோடு வேறொன்றும் வந்தது. இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன். உமக்குத் தேநீர் போட்டுத் தந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

உம்முடைய மேசையில் என் முறை வந்தபோதெல்லாம் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவது சொல்லித் தப்பினேன். சென்ற வருடம் மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தேன். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். அதுதான் பிழை. எழுந்ததும் வாய் தானாகவே பரிசளிப்பு விழாவுக்குப் போய்விட்டது. எங்களை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு, தூரத்திலிருந்து வந்த பெரியோருக்கு, ஒத்துழைத்த காலநிலைக்கு என்று ஒழுங்காகச் சொல்லி முடித்து அமர்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சரி, பரிசளிப்பு முடிஞ்சுது. பிள்ளையள் வரிசையில வீட்டை போங்கோ" என்றீர். வீடே சிரித்தது. பிறகு என் தட்டில் தொடையிறைச்சியை எடுத்து வைத்தீர். என் பக்கம் பார்க்காமல் வைத்தீர்.

திங்கட்கிழமை வைலேயில் பூக்கடைக்குப் போனேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதியாவது அனுப்பலாம் என்று நினைத்தேன். தமிழில் எழுதினால் மேடை ஏறியதுபோல இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் சிஸ்டர் தோளுக்கு மேலால் பார்ப்பதுபோல இருந்தது. டேனிஷில் வெட்கமில்லை, அது என்னுடைய மொழி இல்லை. அட்டையில் என் நல்ல கையெழுத்தில் 'தக் ஃபோ ஆல்ட்' என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் நன்றி. இலக்கணத்தில் ஒரு பிழையுமில்லை. கடைக்காரப் பெண் அட்டையை வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். வெள்ளை லில்லி பொருத்தமாக இருக்கும் என்றாள். நல்ல வளர்ப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நீர் தொலைபேசி எடுத்தீர். பூ வந்தது என்றீர்.

"ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டீர்.

நன்றி சொல்லும்படி யாரோ எனக்குப் புத்தி சொல்லிவிட்டார்களா என்று கேட்கிறீர் என நினைத்தேன். எனக்கு ரோசம் வந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியாதே?"

"ஓம்," என்றீர். "உமக்குத் தெரியாமல் இராது. பூ வடிவாயிருக்கு."

தை மாதத்தில் எங்கள் அயலவரான ஒரு டேனிஷ் கிழவரின் அடக்கத்துக்கு மகனுடன் போனேன். பெட்டியைச் சுற்றி வைத்திருந்த வெள்ளைப் பூக்களின் ரிப்பன் பட்டியில் என்னுடைய சொற்கள் அச்சடித்துக் கிடந்தன. வெளியே கல்லறைகளுக்கிடையே வந்தால் கல்லுக்குக் கல் அதே சொற்கள். மகனிடம் கேட்டேன்.

"அது செத்த ஆக்களுக்கு எழுதுறது, அம்மா. கடைசியாச் சொல்லுறது. ஏன்?"

சும்மா கேட்டேன் என்றேன்.

உம்முடைய உடம்பு வருத்தம் எனக்கு அப்போதும் தெரியாது. எனக்கு வந்த பயமெல்லாம் உம்முடைய சிரிப்பைப் பற்றித்தான். இருபத்தைந்து வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்த உமக்கு அந்தச் சொல் தெரியாதிருக்க வழியில்லை. உயிரோடு இருப்பவளுக்கு மலர்வளையம் அனுப்பிய கொன்வென்ற் கெட்டிக்காரியின் கதையை நீர் எஸ்பியர்க் துறைமுகம் வரைக்கும் வீடுவீடாகக் கொண்டுபோவீர் என்று கூசினேன். அது மறந்துபோகும் வரைக்கும் உம்முடைய முகத்தில் விழிப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

அடுத்த கிழமையே நீர் தொலைபேசி எடுத்தீர். குரல் மெலிந்திருந்தது, குளிருக்குப் பிடித்த தடிமன் என்று நினைத்தேன்.

"ஒருக்கா வந்திட்டுப் போமன்" என்றீர்.

வீதியெல்லாம் பனி, உங்கள் ஊருக்குப் பஸ்ஸும் குறைவு, பங்குனியில் பார்ப்போம் என்றேன். மகனுடைய கார் வாசலில்தான் நின்றது.

"சரி. நீர் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டீர்தானே" என்று வைத்துவிட்டீர். அதை நான் கேலியென்று எடுத்துக்கொண்டேன்.

மாசி முடிவதற்குள் உம்முடைய மகள் அமெரிக்காவிலிருந்து வந்து, எஸ்பியர்க் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்தாள். நான் வந்தபோது நீர் மருந்துத் தூக்கத்தில் இருந்தீர். கையைப் பிடித்தேன். ஒரு தாதி பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர்.

செத்தவீட்டில் உம்முடைய மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"அன்ரி, ஆஸ்பத்திரி ரிசல்ட் வந்த கிழமை அம்மா எனக்குக்கூடச் சொல்லேல்லை. நீங்கள் மட்டும் எப்பிடியோ விளங்கிப் பூ அனுப்பினீங்களாம். பிறகு எல்லாரும் சுகம் வரும், சுகம் வரும் எண்டு பொய் சொன்னவை. 'அவ ஒருத்திதான் நேர சொல்லி என்னை வழியனுப்பினவ' எண்டு அம்மா சொல்லிக்கொண்டே இருந்தவ. அந்த அட்டை தலையணைக்குக் கீழ இருந்தது. தாங்ஸ், அன்ரி."

நான் "ஓம், பிள்ளை" என்றேன்.

உம்முடைய சாம்பலை எஸ்பியர்க் கடலில் விட்டார்கள். அந்தச் சொற்களைச் சரியான இடத்தில் எழுதுவதற்கு உமக்கு ஒரு கல்லும் இல்லை.

அன்றிலிருந்து நான் நினைப்பதெல்லாம் அந்தத் தை மாத அழைப்பைத்தான். தான் சாகப்போவது தெரிந்த ஒரு மனுஷி, அது தெரிந்தவள் என்று தான் நம்பிய ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒன்றும் நடிக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறாள். அந்த ஒருத்தி அவளிடம் பஸ்ஸைப் பற்றிக் கதைத்தாள். நீர் என்ன சொல்ல இருந்தீர் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. கோயிலில் போய் நின்றும் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் மேசைக்கு வந்தபோது உம்முடைய மகள் காணொளியில் அழைத்தாள். மருமகள் தொலைபேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து என் பக்கம் திருப்பி வைத்தாள். மகள் முதலில் தான் சொல்லவேண்டும் என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அட்டையைப் பற்றிச் சொன்னாள், பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினாள், திரும்பவும் தொடங்கி முடித்தாள். நீர் விரும்பியதுபோலவே ஒருவர், ஒரு முகம், ஒரு காரியம். அந்தக் காரியத்தை நான் செய்யவில்லை என்பது மட்டும்தான் குறை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலை நான் பறித்துவிடுவேன். நான் தலையை ஆட்டினேன்.

"மாமி, இனி உங்கட முறை" என்றாள் மருமகள்.

எழுந்து நிற்கவில்லை. திரையில் மகளின் முகத்தில் உம்முடைய நெற்றியும் உம்முடைய பொறுமையில்லாத வாயும் காத்துக்கொண்டிருந்தன. நீர் புண் வராமல் காத்த இவருடைய முதுகைப் பற்றித் தொடங்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. தொடங்கினால் அட்டையில்தான் போய் முடியும்.

"நான் பிறகு சொல்லுறன்" என்றேன். அடுத்தவர் தொடங்கினார்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. பிறகு என்று ஒன்று இல்லை. உமக்குச் சொல்லாத நன்றி என்னிடம்தான் இருக்கிறது. உம்முடைய மகள் தந்ததும் இப்போது அதோடு சேர்ந்து கிடக்கிறது.