உருளைக்கு முன்னால் நிற்பவர்கள்

ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். அக்கா நடுவில் பிடுங்கி, "சாப்பிட்டியாடா?" என்கிறாள். அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அவளோடு முடிந்துவிட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சூப்பர்வைசர் பதவிக்கு நன்றி. தலைமை அலுவலகத்தில் பணியாளர் துறை மேலாளராக நீங்கள் சொல்லாமல் இது நடந்திருக்காது. சலவை ஆலை மெக்கானிக்குக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் நாற்காலி போடுவதில்லை.

நான் ஒத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காக. ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை இருக்கிறதே, அதன் முன்னால் ஒரு எமர்ஜென்சி கயிறு ஓடுகிறது. இழுத்தால் உருளை நின்றுவிடும். உருளை நின்றால் வேலை தேங்குகிறது என்று ஆலை மேலாளர் கயிற்றை மேலே தூக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். ஏப்ரலில், அங்கே வேலை செய்யும் நெட்டையக்காவின் கை விரிப்போடு உள்ளே போனபோது கயிறு எட்டவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவருக்கு இரண்டு விரல் இனி மடங்காது.

அதற்குப் பிறகுதான் சங்கம் தொடங்கினோம். என்னைச் செயலாளராக்கினார்கள். கூட்டம் போட்டு, மனு கொடுத்து, பதிலுக்குக் காத்துக்கிடக்க எனக்குப் பொறுமை இல்லை. கையில் அதிகாரம் இருந்தால் கயிற்றை நானே அவிழ்த்துவிடுவேன். வேலை முடிந்தது.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


ஜூன் 10

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. உன் அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் தன் மகனுக்கும் ஒரு வேலை கேட்டு வந்துவிட்டுப் போனார்!

ஒரு சின்ன விஷயம். சூப்பர்வைசர் என்றால் நிர்வாகத்து ஆள். சங்கத்தில் இருக்க முடியாது. விலகுகிறேன் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதையாக இருக்கும். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டு ஆட்கள் மாதிரி நினைத்தவர்கள் சங்கம் வைத்ததில் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. கொஞ்ச நாள் அடக்கி வாசி. கயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 14

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். நேற்று டீ அறைக்குள் போனேன். பேச்சு பட்டென்று நின்றது. "வாயை மூடுங்கடி, சூப்பர்வைசர் சார் வர்றாரு" என்றது ஒரு குரல். நெட்டையக்கா மட்டும் திரும்பிப் பார்த்து, "நாற்காலி நல்லா மெத்துனு இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

ஆலை மேலாளர் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிடுகிறார். "உங்க செயலாளரே எங்க பக்கம் வந்துட்டாரு. நீ எதுக்கும்மா கெட்ட பேர் வாங்கிக்கறே? யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ." இதுதான் பேச்சு.

கயிற்றை அவிழ்த்தேன். மறுநாள் காலையில் திரும்பக் கட்டியிருந்தது. கேட்டதற்கு, "உன் அத்தானைக் கேளு" என்கிறார் ஆலை மேலாளர்.

பதவி என்று சொல்லி, சங்கத்துச் செயலாளரை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அது புரியாமல் தலையாட்டினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். இது யார் யோசனை? முதலாளியுடையதா, உங்களுடையதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

மைத்துனன்


ஜூன் 20

அன்பு மச்சானுக்கு,

என் யோசனைதான்.

உன்னை வேலையை விட்டே தூக்கச் சொன்னார் முதலாளி. வேறு வழி தேடினேன், கிடைத்தது இதுதான். நீ வேலை இழந்து தெருவில் நின்றால் நான் உன் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

கயிற்றைப் பற்றியும் பேசினேன். "இப்ப அவிழ்த்தா, சங்கத்துக்குப் பயந்துட்டோம்னு ஆகிடும்யா" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

பதவியைத் திருப்பிக் கொடுத்தால் என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது. "தம்பி ஏன் போனை எடுக்க மாட்டேங்கறான்?" என்று அக்கா தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? நிர்வாகம் என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்?

அத்தான்


ஜூன் 23

அத்தானுக்கு,

பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழையபடி மெக்கானிக். டீ அறையில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். யாரும் உடனே கை தட்டிவிடவில்லை. கடைசியில் நெட்டையக்காதான், "அடுத்த தடவை நாற்காலி போட்டா எங்களைக் கேட்டுட்டு உக்காரு" என்றார். சிரித்தார்கள். கை தூக்கி, மறுபடியும் என்னையே செயலாளராக்கினார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. யார் உறுப்பினர் என்று துருவாதீர்கள். பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். எங்கள் மனு உங்கள் மேசையில் கிடக்கிறது, பதில் போடுங்கள். எதிரே உட்கார்ந்து பேசுங்கள். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நாங்கள் சண்டை போடுவோம், நீங்களும் போடுங்கள். சேர்ந்து நிற்பது எங்கள் உரிமை. அதற்கு முதலாளியின் மனசு ஏன் விட்டுப்போக வேண்டும்?

என்னைத் தூக்குவதானால் தூக்குங்கள். அக்காவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அவளிடம் நானே பேசிவிட்டேன். அழுதாள். அப்புறம், "அந்தம்மாவோட விரல் இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள். "அத்தானுக்கு இதெல்லாம் முதல்லயே தெரியும்" என்றேன். சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

இனி மைத்துனனுக்கு எழுத வேண்டாம். எழுதுவதானால் சங்கத்துக்கு எழுதுங்கள்.

செயலாளர்


ஜூலை 2

பெறுநர்:
செயலாளர்,
சலவை ஆலைத் தொழிலாளர் சங்கம்

ஐயா,

தங்கள் சங்கத்தின் மனு கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.

வரும் திங்கட்கிழமை காலை ஆலை அலுவலகத்தில் சங்கத்துடன் பேச நிர்வாகம் சம்மதிக்கிறது. சங்கத்தின் சார்பில் யார் வருவது என்பதைச் சங்கமே முடிவு செய்யலாம். வருபவர்களுக்கு அந்த நேரத்துக்கான சம்பளம் பிடிக்கப்படாது. உறுப்பினர்கள் யார் என்று தொழிலாளர்களிடம் விசாரிப்பதை நிறுத்துமாறு ஆலை மேலாளருக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. இன்று முதல் உருளையின் எமர்ஜென்சி கயிற்றை யாரும் கட்டக் கூடாது. இம்முடிவுகளுக்கு முதலாளியிடம் நானே பொறுப்பேற்றுள்ளேன்.

மனுவில் உள்ள சம்பள உயர்வை நிர்வாகம் ஏற்கவில்லை. அதற்கான காரணங்களை நேரில் சொல்வேன்.

இப்படிக்கு,
மேலாளர், பணியாளர் துறை

நகல்: ஆலை அறிவிப்புப் பலகை