கூப்பிட்ட குரலுக்கு

6 ஜூலை, ஞாயிறு

காலையில் பஸ்ஸைத் தவறவிட்டேன். அலோர் ஸ்டாருக்குப் போய்ச் சேர்ந்தால், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். இதுதான் இன்றைய பெரிய கவலை என்று நினைத்திருந்தேன், பக்கத்து வீட்டு பிரேமாவதி அக்காவின் ஃபோன் வரும் வரை.

எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை விரித்துக்கொண்டிருந்தவரிடம், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தைச் சுற்றி ரத்தக் கோடு. உதவி கேட்டு "தொலோங், தொலோங்" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. என்ன ஜென்மங்கள்!

9 ஜூலை, புதன்

அக்கா கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறு. நகை போனதுகூடப் பெரிதில்லையாம், தாலி அறுந்தது புருஷனுக்கு ஆகாதாம். அதை நினைத்தே அழுகிறார். தர்மலிங்கம் அண்ணனோ நெல் ஆலையிலிருந்து வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். குண்டுக்கல் மாதிரி இருக்கிறார் மனிதர்.

கடை திறக்கவில்லை. மகன் தான் இருக்கும் கிள்ளானுக்கே வந்துவிடச் சொல்கிறானாம். ஆடியில் வீடு மாறக் கூடாது, அதனால் ஆவணி பிறந்ததும் போகிறார்களாம்.

போனால்? என் மகள் சாந்தினி பள்ளிவிட்டு வந்து சாப்பிடுவது அந்த வீட்டில்தான். அது கிடக்கட்டும் – எனக்கு யார் இருக்கா? என் வாய்க்கு ஈடுகொடுக்கிற ஒரே ஆள். அழுகையா வருது. போதும்.

11 ஜூலை, வெள்ளி

பேட்மிண்டன் கோர்ட்டில் கூட்டம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அக்கம்பக்கச் சங்கத் தலைவர் லோகேஸ்வரன் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். 'ஒற்றுமை' வராத வாக்கியமே இல்லை. கடைசியில் வீட்டுக்கொரு விசில் கொடுத்தார்கள். ஆபத்து என்றால் ஊத வேண்டும்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, காக் சல்மா, அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஏன்?

14 ஜூலை, திங்கள்

என் விசிலைத் தவிர எல்லா விசிலும் பிள்ளைகள் வாயில். காலையிலிருந்து ஊதல்தான். இப்போது ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

25 ஜூலை, வெள்ளி

இன்றே எழுதிவிடுகிறேன்.

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலுக்காவது வாங்க என்று அக்காவைக் கெஞ்சி, பிறகு திட்டி, ஒருவழியாகக் கிளப்பினேன். எங்கள் தெருவைக்கூடத் தாண்டவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து போய், திரும்பி, மெதுவாக வந்தது. மஞ்சள் கயிற்றைத் தங்கமென்று நினைத்தானோ என்னவோ, பின்னால் இருந்தவன் கை அக்கா கழுத்துக்கு நீண்டது. விசிலோ என் பையின் அடியில், குங்குமப் பொட்டலத்துக்குக் கீழே. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே கத்து.

"மாரீ! மாரீ!"

தெருவில் கதவுகள் திறந்தன. காக் சல்மா மாவுக் கையோடு ஓடி வந்தார், அவர் கணவர் கைலியோடு, மூலை வீட்டுச் சீனக் கிழவர் துடைப்பத்தோடு. மோட்டார் சைக்கிள் தடுமாறிப் பறந்தது. கிழவர் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

அம்மன்தான் அனுப்பினாள் என்று அக்கா அழுதார். காக் சல்மா விழித்தார். நீங்கள்தானே எங்களைக் கூப்பிட்டீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது – மலாயில் 'மாரி' என்றால் 'வா'! நடுத்தெருவில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

பிறகு காக் சல்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மறக்கக் கூடாது. அன்றைக்கும் அவருக்குக் கேட்டதாம். உதவி என்ற சத்தம் கேட்டதும் பயம், கை பூட்டுக்குத்தான் போனதாம். இன்றைக்கு யாரோ வா என்கிறார்கள், கால் தானாக வாசலுக்கு வந்துவிட்டதாம்.

கோபம் போய்விட்டதா எனக்கு? பாதி போய்விட்டது.

1 ஆகஸ்ட், வெள்ளி

மறுபடி கூட்டம். இனி விசில் இல்லை. யாருக்கு ஆபத்து என்றாலும் 'மாரி' என்று கத்த வேண்டும், கேட்டவர்கள் எல்லாரும் வெளியே வர வேண்டும், தனியாக யாரும் விரட்டிக்கொண்டு போகக் கூடாது. லோகேஸ்வரனுக்கு மனமில்லை. சாமி பேரைத் தெருவில் கூவலாமா என்றார். அக்கா முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தார்.

"ஆபத்துல கூப்பிடாம அவள வேற எப்ப தம்பி கூப்பிடுறது? அவங்களுக்கு வா, நமக்கு ஆத்தா. கூப்பிட்டா வந்துருவாங்கலா."

ஒத்திகை பார்த்தோம். கடைசியில் லோகேஸ்வரன் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

அந்த நம்பரை வைத்து போலீஸ் இருவரைப் பிடித்துவிட்டது. கொடி கிடைக்கவில்லை. அக்கா பெட்டி கட்டுவதையும் நிறுத்தவில்லை. சூடு கண்ட பூனை.

16 ஆகஸ்ட், சனி

நாளை ஆவணி. அக்கா வீட்டு ஹாலில் நடக்க இடமில்லாமல் பெட்டிகள்.

காலையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது வெளியே "மாரி! மாரி!" காக் சல்மாவின் குரல். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பசாரிலிருந்து வந்து காரைவிட்டு இறங்கியவரின் கைப்பையை எவனோ மோட்டார் சைக்கிளில் வந்து இழுத்திருக்கிறான். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா அங்கே நிற்கிறார். காலில் செருப்பில்லை, கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது. காக் சல்மாவை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, அவனை முறைத்தபடி அவரும் 'மாரி' என்று கத்துகிறார். தெருவே வந்துவிட்டது. அவன் பையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறந்தே போனான்.

மாலையில் அக்கா கிள்ளானுக்கு ஃபோன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்று ஒட்டுக்கேட்டேன், வெட்கமெல்லாம் இல்லை.

"நாங்க வரலப்பா. இங்க என்னையக் கூப்பிடுவாங்க. நான் இருக்கணும்லா."

ஃபோனை வைத்துவிட்டு, நாசி லெமாக்குக்குத் தேங்காய் வாங்கி வரச் சொல்லி அண்ணனைக் கடைக்கு விரட்டினார்.