வேட்டி விரிக்காமல் எடுத்த படங்கள்

மரக்காணம்
12.3.2005

அன்புள்ள தம்பி பிரபாகரனுக்கு,

அண்ணன் தெய்வசிகாமணி எழுதுவது. நாங்கள் நலம். நீயும் உன் மனைவி தமிழ்நிலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கம்போல் இந்தக் கடிதத்தை அவள்தான் உனக்குப் படித்துக் காட்டப் போகிறாள் என்பதால் அவளைப் பற்றி நல்லபடியாகவே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கேமரா செல்போன் வந்து சேர்ந்தது. கூரியர்காரன் அதை உப்பு உற்பத்தியாளர் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுத்தான். கிளார்க்கான என் மேசையில் இப்படி ஒரு பொருள் வந்து இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. "தம்பி துபாய்லயா சார் இருக்காரு?" என்று பியூன் பாவாடை கேட்டான். பெங்களூர் என்றேன். ஏமாந்துபோய்த் திருப்பிக் கொடுத்தான்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தபின்தான் விஷயம் பிடிபட்டது. செல்போன் எதிரில் இருப்பதைப் படம் எடுக்கும். பையில் உள்ள லேப்டாப் அந்தப் படத்தைப் பார்த்து, குடம், நாற்காலி, கதவு என்று உன் காதில் சொல்லும். அதற்குமுன் ஒவ்வொரு பொருளையும் பல படங்களில் காட்டி அதைப் பழக்க வேண்டும். உன் கம்பெனி செய்யும் இந்தக் கருவியைக் கண் தெரியாதவன் என்ற முறையில் சோதித்துச் சொல்வது உன் வேலை. முதன்முதலாக வெளியே கொண்டுபோய்ப் பார்க்க நம் வீட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறாய். செப்டம்பரில் வருவாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் நடப்பாய்.

நல்லது. சின்ன வயதில் அம்மை போட்டு உன் கண் போனதிலிருந்து நீ பிடித்துக்கொண்டு நடந்த கை யாருடையது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். "முழுக்க என் சொந்த முயற்சியால் முன்னுக்கு வந்தேன்" என்று நீ பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதைப் படித்தபோது, இல்லை என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் கேட்டதைச் செய்துவிட்டேன். பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, என் வெள்ளை வேட்டியை விரித்து, ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து வெளிச்சம் பார்த்து எடுத்திருக்கிறேன். மெமரி கார்டை இந்தத் தாளிலேயே ஒட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது கவனம்.

அண்ணி உன்னை விசாரிக்கச் சொன்னாள். புளிக்குழம்பு சாப்பிட்டால் உனக்கு நெஞ்சு எரியும், அது தமிழ்நிலாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தெய்வசிகாமணி


பெங்களூர்
4.4.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரபாகரன் வணக்கம். இதை நானே டைப் அடிக்கிறேன். பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், தமிழ்நிலாவை விட்டுவிடுங்கள். போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. சொன்ன சொல்லைப் பிறகு மாற்றிவிடுவார்கள், எழுத்து அப்படியே நிற்கும் என்கிறீர்கள். சரி, நிற்கட்டும்.

படங்கள் நன்றாக வந்திருக்கின்றனவாம். அதுதான் பிரச்சினை. என்னோடு வேலை செய்யும் நிஷாத் நம் பக்கத்துக் கீழ்புத்துப்பட்டுக்காரன். அவன்தான் படங்களைப் போட்டுக் கருவியைப் பழக்குகிறான். பழக்கி முடித்துச் சோதித்தோம். உப்புக் குவியலின் படத்தைக் காட்டினால் குடம் என்றது. ஆபீஸ் சுவரைக் காட்டினால் குடம். என் சட்டையும் குடம்தான். குடத்தைத்தான் நீங்கள் அதிகமாக எடுத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களில் குடத்தைவிட வேட்டி பெரிதாகத் தெரிகிறது. வெள்ளையாக எதைக் கண்டாலும் குடம் என்று அது முடிவு செய்துவிட்டது.

"உங்க அண்ணன் சாமானுக்கெல்லாம் பொண்ணு பாக்கற போட்டோ எடுத்து அனுப்பியிருக்காருடா" என்றான் நிஷாத். கோபித்துக்கொள்ளாதீர்கள். பாசமாகத்தான் சொன்னான்.

தேய்க்க வேண்டாம், விரிக்க வேண்டாம், எதையும் நகர்த்த வேண்டாம். பொருள் எங்கே எப்படிக் கிடக்கிறதோ அப்படியே எடுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அடுப்படி, கூடம், கிணற்றடி எல்லாம் வேண்டும். துணி காயும் கொடியையும் எடுங்கள். நான் முதலில் கழுத்தைக் கொடுக்கப்போவது அதில்தான்.

அந்தப் பேட்டியில் நான் அதிகம் பேசியது உங்களைப் பற்றித்தான். அச்சில் வந்தது அவர்கள் எடுத்துக்கொண்ட பகுதி. இதை முன்பே எழுதியிருக்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடுங்கள்.

புளிக்குழம்புச் செய்தி கேட்டுத் தமிழ்நிலா விழித்தாள். இங்கே பாதி நாள் அதுதான். அண்ணியின் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. ஒரு தடவை அவர்களிடம் போனைக் கொடுங்கள்.

அன்புடன்,
பிரபாகரன்


மரக்காணம்
20.5.2005

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்து வெகுநாளாயிற்று. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டைக் கூட்டாமல் ஒருவரை உள்ளே அழைத்துப் பழக்கமில்லை எனக்கு. நீ பெங்களூரில் முன்பின் தெரியாதவர்களுக்கு என் அடுப்படியைக் காட்ட வேண்டும் என்கிறாய். அவர்களில் ஒருவர் அதைப் பார்த்து நகைச்சுவையும் செய்கிறார்.

இங்கே டிசம்பரில் கடல் உள்ளே வந்ததிலிருந்து எதுவும் சரியாக இல்லை. பாத்திகளில் சேறு படிந்து இந்த வருஷம் உப்பு தாமதம். சங்கத் தலைவர் ஆபீசுக்கு வந்து என்னைக் கேட்கிறார், நான்தான் சேற்றைக் கொட்டியதுபோல. எம்.எஸ்சி. படித்தவன் உப்பு மூட்டைக்கு ரசீது எழுதுகிறேன். சென்னையில் எம்.ஃபில். சேர இடம் கிடைத்தபோது, "நீ போயிட்டா இவன யாரு டெய்லி திண்டிவனம் ஸ்கூலுக்குக் கூட்டிக்கினு போறது?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்கு உன்னிடம் இன்றைக்கு ஒரு செல்போன் பதிலாக இருக்கிறது. எனக்கு அன்றைக்கு இல்லை.

படங்கள் எடுத்துவிட்டேன். இந்த முறை எதையும் தொடவில்லை. காப்பி குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, தெருமுனை அடிபம்பு, நம் வாசல் எல்லாம் இருக்கின்றன. ஒரு வாரம் காலையும் மாலையும் நான் செல்போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றதைப் பார்த்து, வேலை போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

போனில் பேசினால் அண்ணிக்குக் காது அடைக்கிறதாம், அதனால் வேண்டாம் என்கிறாள். நீ படுக்கிற அறை ஜன்னலுக்குக் கொசு வலை அடிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கொசு கடித்தால் உனக்குத் தடித்துப்போகும் என்பது அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. வலை வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
தெய்வசிகாமணி


பெங்களூர்
2.7.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சில நாள் தள்ளிப்போட்டேன்.

கருவி இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. உப்பை உப்பு என்கிறது. நீங்கள் கிடக்கிறபடி எடுத்ததால்தான். போன வாரம் நிஷாத் என்னிடம், "பிரபா, உங்க அண்ணன் பேச்சிலரா?" என்று கேட்டான். வேலைக்காகத்தான் கேட்டான். புடவை என்ற பெயரைப் பழக்க அவனுக்குப் படம் வேண்டும். கொடியில் காய்கிற படங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றிலும் புடவை இல்லை என்றான். சரியாகப் பார் என்றேன். பார்த்துவிட்டு, அடுப்படியிலும் ஒரே ஒரு தட்டுதான்டா இருக்குது என்றான்.

எல்லோரும் போனபிறகு நானே எல்லாப் படங்களையும் ஓடவிட்டேன். பெயர்களைத் தமிழ்நிலா குரலில்தான் பதிவு செய்திருக்கிறோம். தட்டு. டம்ளர். வேட்டி. துண்டு. வேட்டி. ஒரு தடவையாவது அது தப்புச் சொல்லாதா என்று காத்திருந்தேன்.

உங்களிடம் கேட்டால் எழுத மாட்டீர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்நிலாவோடு கிளியனூர் போனேன். அண்ணி அவர்கள் அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள். போன ஆடியிலிருந்தே இருக்கிறார்களாம்.

என்ன சண்டை என்று கேட்டேன். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. சண்ட போட்டா அன்னியோட முடிஞ்சிடும். அவரு போட மாட்டாரு. எடுத்து வெச்சிக்குவாரு" என்றார்கள். கல்யாணத்தன்று அவர்கள் வீட்டார் பந்தியில் உங்களை இரண்டாவதாகக் கூப்பிட்டது வரைக்கும் பத்திரமாக இருக்கிறதாம். பேசாமல் இருக்கும் ஒருவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்க முடியவில்லை என்றார்கள்.

அண்ணி விசாரித்ததாக நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள் என்று சொன்னேன். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. "நானா? என்னா சொன்னேனாம்?" என்று கேட்டார்கள். புளிக்குழம்பைச் சொன்னேன், கொசு வலையைச் சொன்னேன். எழுந்து போய்விட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நெஜமாவே சொல்லியிருப்பேனே" என்றார்கள்.

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை, அண்ணா.

அன்புடன்,
பிரபாகரன்


மரக்காணம்
9.7.2005

பிரபாகரனுக்கு,

உனக்கு உதவட்டும் என்று வீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். நீ என் கொடியில் என்ன காய்கிறது என்று ஆள் வைத்துப் பார்த்திருக்கிறாய். அதோடு நிற்காமல் கிளியனூர் வரை போய் விசாரணையும் நடத்தியிருக்கிறாய். உன்னை நான் யார் வீட்டுக்கும் வேவு பார்க்கக் கூட்டிப்போனதில்லை.

செப்டம்பரில் நீ வர வேண்டாம். செல்போனைக் கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் தேவையில்லை.

தெய்வசிகாமணி


பெங்களூர்
1.8.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். செல்போன் வந்தது. வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். செப்டம்பர் பத்தாம் தேதி, சனிக்கிழமை காலை மரக்காணத்தில் இறங்குவேன். தமிழ்நிலா வரவில்லை, நான் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள்.

கதவு திறந்திருந்தால் உள்ளே வருவேன். பூட்டையும் அதற்குப் பழக்கியிருக்கிறோம். பூட்டு என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதன்பிறகு வருகிறேன் என்று எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரபாகரன்


மரக்காணம்
30.8.2005

அன்புள்ள தம்பி பிரபாகரனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்ற முடிவில் நான் இன்னமும் மாறவில்லை. இது வேறு விஷயமாக எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை கிளியனூர் போயிருந்தேன். உன் அண்ணி டீ கொடுத்தாள். நான் சங்கத்தைப் பற்றியும், சேற்றைப் பற்றியும், தலைவர் என்னைக் கேட்ட கேள்வியைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தீங்களா?" என்றாள்.

பிரபா வருகிறான் என்றேன். தெரியும் என்றாள். வீட்டில் யாரும் இல்லையே என்றேன்.

"அதான் நீங்க இருக்கீங்களே."

"நான் இருந்தா அது வீடு மாதிரி இல்ல அமராவதி."

இப்படி நான் பேசி அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய அண்ணன் வந்து என்னிடம் வெயிலைப் பற்றிப் பேசினான். பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வருவதாகவும், நீ இருக்கிற வரைக்கும் இருப்பதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு இருப்பதைப் பற்றி இப்போது கேட்காதே என்றாள். கேட்கவில்லை.

அப்புறம், உன்னைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து யார் கூட்டி வருவது என்றாள். யாரும் வரக் கூடாது என்று எழுதியிருக்கிறான் என்றேன். உப்பு லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், அடிபம்பைச் சுற்றி எப்போதும் சகதி, அந்தக் கருவி இதையெல்லாம் எங்கே சொல்லப்போகிறது, கீழே விழுவான் என்றேன்.

"அப்ப பின்னாடியே நடங்க. கைய நீட்டக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. அவன் தப்பான தெருவுல திரும்பினாலும் நீங்களும் கம்முனு திரும்புங்க. வாசல் வரைக்கும் அது உங்களால முடியுதான்னு பாக்கறேன்" என்றாள்.

ஆகவே சனிக்கிழமை காலையில் நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். உனக்குத் தெரியாமல் இருப்பதாகத்தான் பேச்சு. பின்னால் காலடிச் சத்தம் கேட்டு நீ பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். என்னைக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன்.

கதவு திறந்திருக்கும். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். உன்னை அல்ல, என்னை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தெய்வசிகாமணி