விர்பி கொடுத்த இரண்டு விளக்குகள்

இல்மோ,

மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. வெளியே போனால் சாவியை எடுத்துக்கொள், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

ஐந்து மணிக்கு உன் மிளகாய்ச் சங்கத்து விர்பி வருகிறாள். வீட்டுக்குள் நீ மிளகாய் வளர்க்கும் செடிக் கூடாரத்தில் வெயிலுக்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாளே இரண்டு விளக்கு, அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். காபி கொடு. ஏலக்காய் பன் ஒன்று போதும். ஏழு மணிக்குக் கட்டடத்து சானாவில் நீராவிக் குளியலுக்கு நம் முறை. அதற்குள் அவள் படியிறங்கியிருக்க வேண்டும்.

நேற்று போனில் அவளிடம், "இலையெல்லாம் வாடிப்போச்சு விர்பி, எனக்குத் தூக்கமே வரல" என்று உருகினாய். நவம்பரிலிருந்து வெயில் முகம் காணாமல் நானும்தான் வாடிக் கிடக்கிறேன். உனக்கு நன்றாகத்தான் தூக்கம் வந்தது.

காலையில் முக்காலியைக் கூடாரத்துக்குள் போட்டு, கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து இரண்டையும் எரியவிட்டுப் பார்த்தேன். ஊதா வெளிச்சத்தில் முகம் பிணம் மாதிரி இருக்கிறது. வெள்ளையில் பத்து வயது குறைகிறது.

வெள்ளையை வைத்துக்கொள்.

மார்கெட்டா

பி.கு.: முக்காலியை எடுத்துவிடாதே. இனி என் காலைக் காபி அங்கேதான்.

இன்னொன்று: விர்பி கூடாரத்துக்குள் தலையை நீட்டும்போது மட்டும் ஊதாவைப் போடு.