ஒரு சுற்று வலமாக

என் தங்க அக்கா,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சாணார்பட்டியில் வாக்கப்பட்டிருந்தாலும் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி, திண்டுக்கல் மைதானத்தில் என் பயிற்சியைப் பார்க்க வந்துவிடுவாய். எழுதத் தேவையே வரவில்லை. இன்று காலை இங்கே மூடுபனி. மலைக்கோட்டை பாதிதான் தெரிகிறது.

நான் பந்தய சைக்கிள் ஓட்டுவதை முதன்முதலில் பார்த்துப் பதறினாயே, நினைவிருக்கிறதா? வேகத்துக்குப் பதறவில்லை.

"ஏலே அப்பு, எதுக்குடா எடப்பக்கமாவே சுத்துற? சுடுகாட்டுல கொள்ளிக்குடம் தூக்கித்தான்டா அப்படிச் சுத்துவாங்க."

உலகம் முழுக்க அதுதான் விதி என்றேன்.

"ஒலகம் எப்படியும் போகட்டும். முடிச்சிட்டு ஒரு சுத்து வலமா வந்துரு."

அன்றிலிருந்து தினமும் பயிற்சி முடிந்ததும் உனக்காக ஒரு சுற்று வலமாக வருவேன். கூட ஓட்டுகிறவர்கள், "இதென்ன கோயில் பிரகாரமாப்பா?" என்று கேலி செய்வார்கள். உனக்கு அதெல்லாம் காதிலேயே விழாது.

இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது என்று சொன்னதைத்தான் நீ தப்பாகப் பிடித்துக்கொண்டாய். மிதிக்கிற காலை இறுக்கினால் வேகம் குறையும் என்று எத்தனை தடவை சொன்னேன்! நடுவில் யாராவது கூப்பிட்டால் விழுந்துவிடுவேன் என்றே நம்பினாய். நான் ஓட்டி முடிக்கும்வரை கைகூடத் தட்டமாட்டாய்.

ஜப்பானில் நம் நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டினேன் அக்கா. வாணலியின் உட்பக்கம் போலச் சரிந்த சிமெண்டுத் தளம். வேகம் கூடக்கூடச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. ஒவ்வொரு சுற்றிலும் நம் மலைக்கோட்டை ஒரு தடவை கண்முன் வந்து போனது. கடைசிச் சுற்றில் உள்பக்கப் புல்தரையில் சுங்குடிச் சேலையோடு நீ நின்றாய், கை தட்டாமல். நான்காவதாக வந்தேன். பதக்கம் இல்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. வலமாக ஒரு சுற்று போகக் கேட்டேன், விடவில்லை.

அப்போது நீ போய் மூன்று நாள் ஆகியிருந்ததாம்.

ஊருக்கு வந்த பிறகுதான் மச்சான் சொன்னார். அவர் மேல் பாய்ந்துவிட்டேன். "ஒரு தந்தி அடிக்கக் கூடவா ஏலல மச்சான்?"

"ஆஸ்பத்திரில எங் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா மாப்ள. 'அது பிரேக்கு இல்லாத வண்டி, நடுவுல சொன்னா விழுந்துருவான். அவன் எறங்குனப்பறம் சொல்லுங்க'ன்னா. நான் என்னய்யா செய்ய?"

கொள்ளிக்குடத்தோடு மச்சான்தான் உன்னைச் சுற்றிவந்தாராம். அன்றைக்கு ஜப்பானில், பயிற்சியில் நானும் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். நீ பயந்தது இதற்குத்தானா அக்கா? நான் சுற்றியது உனக்காகத்தானா?

இரண்டு மாதமாக வண்டியைத் தொடவில்லை. அடுத்த வெளிநாட்டுப் பந்தயத்துக்கு அழைப்பு வந்து மேசையில் கிடக்கிறது. வேண்டாம் என்று எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன். கை உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டது.

வருகிறேன் என்றே அவர்களுக்கு எழுதப்போகிறேன். எந்த நாடானாலும் சரி, முடிந்ததும் ஒரு சுற்று வலமாக வருவேன். ஓட்ட விடாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வருவேன். இது சத்தியம்.

நீயும் ஒன்று செய். இந்தத் தடவை நடுவிலேயே கை தட்டு அக்கா. நான் விழமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
அப்பு