யானைக்குச் சட்டை இருந்த டிஸ்க்

மார்ச் 3, ஞாயிறு

கேபினட் வந்துவிட்டது. நான்கு டிஸ்க் போட இடம், பின்னால் ஒரு பெரிய ஃபேன். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் கச்சிதமாக உட்காருகிறது. வீட்டுப் படங்களைச் சேமித்து வைக்க ஒரு சர்வருக்கு என்று மாதக்கணக்கில் சாமான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் முடிந்து இனி டிஸ்க்தான் பாக்கி. "கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ விசாரிக்கல" என்றாள் மனைவி. உண்மைதான். அப்போது ஒரே ஒரு போட்டோதான் காட்டினார்கள்.

அவளுக்காகத்தான் இந்தப் பெட்டியே. பகலில் மருந்துக்கடையில் கணக்கு பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் களிமண்ணில் பொம்மை செய்து, இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்து, ஒரு குட்டி அனிமேஷன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு யானை தையல்கடைக்குப் போய்ச் சட்டைக்கு அளவு கொடுக்கிற கதை. நான்கு நிமிடப் படத்துக்கு மூன்று வருட உழைப்பு. யானைக்குக் குரல் கொடுத்தது எங்கள் மகள் வாண்டு, முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயத்தில். கேமரா கார்டை மனைவி அவ்வப்போது துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்துவாள் என்பதால், அத்தனையும் இருப்பது ஒரே ஒரு கறுப்பு டிஸ்க்கில். அவள் தம்பி, என் மச்சான், பிறந்தநாளுக்குக் கொடுத்தது. அலுவலகத்தில் நூறு கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன் நான், என் வீட்டில் இந்த லட்சணம்.

மார்ச் 6, புதன்

இரண்டு டிஸ்க் ஆர்டர் கொடுத்தாயிற்று, இரண்டு வேறு கடைகளில். ஒரே கடையில் வாங்கினால் ஒரே தொகுதியில் செய்ததாக இருக்கும், கெட்டால் ஜோடியாகக் கெடும். இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படும், ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும். அவளுடைய டிஸ்க்கின் அளவே இதற்கும் போதும் என்று முடிவு செய்தேன். கடைக்காரர் பெரியதாக வாங்கச் சொன்னார். வேண்டாம் என்று விட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

டிஸ்க் இரண்டும் வந்து சேர்ந்தன. புது டிஸ்க்கை அப்படியே நம்பக்கூடாது. முனையிலிருந்து முனைவரை எழுதி, படித்து, துடைத்துச் சோதிக்க வேண்டும். பலவீனமானது என்றால் அதிலேயே மூச்சு வாங்கிவிடும். சோதனை முடிந்ததும் படத்தைப் பிரதி எடுக்கத் தோதாக அவளுடைய டிஸ்க்கையும் பக்கத்திலேயே செருகி வைத்தேன். காலையில் சோதனையை ஆரம்பித்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் சக ஊழியர் ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வைக்கச் சொல்லி நீண்ட உபதேசம் செய்தேன்.

அதே நாள், மாலை

என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்.

கம்ப்யூட்டரை நடுவில் ஒரு தடவை அணைத்துப் போட்டிருக்கிறேன். டிஸ்க்குகளின் வரிசை மாறிவிட்டது. பழைய வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கட்டளை அடித்திருக்கிறேன், சோதனை அவளுடைய டிஸ்க்கில் ஓடியிருக்கிறது. மூன்றும் ஒரே அளவு — வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கும் தொடர் எண்ணைப் பார்த்திருக்கலாம். அலுவலகத்தில் பார்க்காமல் தொடமாட்டேனே. உறுதியா என்று கேட்டது. ஆம் என்று அடித்தவன் நான்தான்.

மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். முழுக்கப் பூஜ்ஜியம். ஒரு மூலையில்கூட எதுவும் மிச்சமில்லை. நானே மெனக்கெட்டு மூலைமுடுக்கெல்லாம் துடைத்திருக்கிறேனே, எப்படி இருக்கும்?

இரண்டு புது டிஸ்க்கில் ஒன்று சோதனையில் தேறிவிட்டது. இன்னொன்று பெட்டியில் சும்மா இருந்திருக்கிறது.

மார்ச் 13, புதன்

அவள் டிஸ்க்கைச் செருகிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது திறக்க மாட்டேங்குது" என்றாள். பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நேற்றே பார்த்து முடித்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் அரை மணி நேரம் நடித்தேன். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

பொய் சொல்லவில்லை. போய்விட்டது, அவ்வளவுதான் சொன்னேன். யாரால் என்று அவள் கேட்கவில்லை. இப்படி எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன். அவளோ என் முதுகைத் தட்டி, "நீங்க பாவம், பெட்டியே இதுக்காகத்தான செஞ்சீங்க. இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்கக் கூடாதா இந்தச் சனியன்" என்றாள்.

மார்ச் 14, வியாழன்

மேஜை மேல் யானை அப்படியே நிற்கிறது, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, கடைசியாக எடுத்த நிலையில். அவள் அதன் எதிரே உட்கார்ந்து காதை மட்டும் அழுத்தி அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். குரலை மறுபடி பதிவு செய்யலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "பல்லு முளைச்சிருச்சுங்க அவளுக்கு" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள். முதலில் டிஸ்க் எங்கே வாங்கினாய், உத்தரவாதம் உண்டா என்றுதான் கேட்டாள். தள்ளுபடியில் கிடைத்தது என்று அவன் வாய்தவறிச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "மலிவா கிடைச்சுதுன்னு அக்கா தலையில கட்டிட்ட. மூணு வருஷம்டா. உனக்கு என்ன தெரியும் அதோட அருமை" என்றாள். அவன் ஏதோ சொல்லச் சொல்ல, இவள் கேட்காமல் வைத்துவிட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் தோலைப் பாத்திரத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டிருக்கிறேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "விடுங்க, உங்களுக்கும் மனசு சரியில்ல" என்றாள்.

மார்ச் 20, புதன்

பெட்டியின் ராம் மெமரியை மாற்றினேன். தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வகை. விலை அதிகம்.

மார்ச் 23, சனி

யூபிஎஸ் வாங்கினேன். பவர் சப்ளையையும் இன்னும் உயர்ந்த ரகத்துக்கு மாற்றினேன். தூசி வடிகட்டி, கூடுதலாக ஒரு ஃபேன், தகவல் வெளியூரிலும் ஒரு பிரதி போய்ச் சேர ஏற்பாடு. கடைக்காரர் பில் போட்டபடியே, "சார், வீட்டுல பேங்க் ஏதும் நடத்துறீங்களா?" என்றார். குடும்பப் படங்கள்தான் என்றேன். எத்தனை படம் என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மின்சாரம் போனால் என்ன, டிஸ்க் எரிந்தால் என்ன, திருடன் வந்தால் என்ன என்று எல்லாவற்றுக்கும் வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தானே ஒருத்தன், அவனுக்குத்தான் எந்தக் கடையிலும் சாமான் இல்லை.

மார்ச் 30, சனி

மச்சான் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பொட்டலம். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, சர்வருக்கென்றே செய்யும் உயர்ந்த ரக டிஸ்க் இரண்டு வாங்கி வந்திருக்கிறான். நானே விலையைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்த ரகம்.

"இந்தத் தடவ நல்லா விசாரிச்சு வாங்கினேன் மாமா. நீங்க வாங்கினதாவே இருக்கட்டும், அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றான். வாங்க மாட்டேன் என்றேன், பொட்டலத்தை என் பையிலேயே திணித்துவிட்டான். கிளம்பும்போது கேட்டான்.

"மாமா, உங்களுக்குத்தான் தெரியும். நெஜமாவே என் தப்பா அது?"

"விடுப்பா, டிஸ்க்குன்னா அப்படித்தான்" என்றேன்.

அப்படித்தான் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். நான் மனுஷனா?

மார்ச் 31, ஞாயிறு

பொட்டலம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அலுவலகச் சாமான் என்று சொல்லியிருக்கிறேன். ஆக, பொய்யும் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 6, சனி

சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் தம்பி வருகிறேன் என்றானாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அவன் எதைத் தொட்டாலும் இப்படித்தான், சின்ன வயசுலேர்ந்தே" என்றாள். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"டிஸ்க் தானா போகல. நான்தான் அழிச்சேன். சோதனை போடுறப்போ டிஸ்க் மாறிடுச்சு."

அவள் துணியை மடித்து வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எப்போது தெரியும் என்று கேட்டாள். அன்று மாலையே என்றேன். மறுநாள் நான் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய் என்ன செய்தேன் என்று கேட்டாள். சும்மா இருந்தேன் என்றேன். மச்சான் கொடுத்த பொட்டலத்தையும் சொல்லி, ஃபிரிட்ஜைக் காட்டினேன். அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகுதான் கேட்டாள்.

"நான் அவனைத் திட்டினப்போ பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா."

"படம் போனா போகட்டும்னு இருந்தேன். நெஜமாவே மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா அவன்கிட்ட அப்படிப் பேச விட்டீங்களே."

வாண்டுவின் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் அவள் தம்பியிடம் வெகுநேரம் பேசினாள். நான் இருந்த பக்கம் வரவில்லை. மதியம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். மூன்று பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறை, நாற்காலி ஒன்றுதான். எனக்குக் கொடுத்துவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான். மன்னிப்பு கேட்டேன். டிஸ்க் யாருக்கும் மாறலாம் என்றான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன், ஆனால் அந்த இடத்தில் அவனுக்கு உண்மையிலேயே கோபம் இல்லை. கோபம் வேறு இடத்தில் இருந்தது.

"நேருக்கு நேர் நின்னு கேட்டேனே மாமா. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன். கீழே வாசல்வரை அவன் கூட வரவில்லை. எப்போதும் வருவான்.

ஏப்ரல் 11, வியாழன்

பால், சாவி, வாண்டுவின் பள்ளிக்கூடப் பேருந்து. இவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நான் வாங்கிய இரண்டு டிஸ்க்கையும் போட்டுப் போன வாரம் பெட்டியை ஓடவிட்டேன். இந்த முறை தொடர் எண்ணைச் சரிபார்த்து, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டினேன். வாரம் ஒருமுறை அது எனக்கு அறிக்கை அனுப்பும், இன்று முதலாவது வந்தது. டிஸ்க்குகள் நலம், ராம் நலம், யூபிஎஸ் நலம், வெப்பம் மிதம். பயன்படுத்திய இடம்: ஏறக்குறைய எதுவுமில்லை. யாரும் எதையும் அதில் போடவில்லை. போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மே 12, ஞாயிறு

இன்று மேஜையில் விளக்குகள் எரிந்தன. புதிதாக எடுக்க ஆரம்பித்திருக்கிறாள்! அதே தையல்கடை. யானைக்கு மட்டும் இப்போது தந்தம் வைத்திருக்கிறாள். தனக்குப் பல் வந்துவிட்டது, அதனால் யானைக்கும் வர வேண்டும் என்று வாண்டு உத்தரவாம். மச்சான் வந்து கேமராவைப் பிடித்துக்கொடுத்தான். எனக்கு ஒரு வணக்கம் வைத்தான், சாதாரணமாக. நான் டீ போட்டுக் கொடுத்தேன். எடுத்து முடித்ததும் அவள் எல்லாவற்றையும் ஒரு குட்டி டிஸ்க்கில் போட்டு, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். மருந்துக்கடைக்கும் அந்தப் பை கூடவே போகும்.

ஜூன் 2, ஞாயிறு

அவள் மறுபடி எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். வாண்டு தூக்கத்தில் உதைக்கிறாளாம். காரணம் எதுவானாலும் சரி.

ஜூன் 16, ஞாயிறு

சாயங்காலம் கைப்பையோடு வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருப்பது பயமாக இருக்கிறது என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"இதுல என் படத்தை நீங்க பாக்கலாம், ஆனா அழிக்க முடியாதுன்னு வைக்க முடியுமா?"

முடியும் என்றேன். முழு அதிகாரமும் அவள் பெயரில், எனக்குப் பார்க்க மட்டும். அதை அமைத்துக் கொடுத்துவிட்டு, அவள் கடவுச்சொல் போடும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முடிந்தது என்றாள். ஆனால் படத்தைப் போடவில்லை. தன் கட்டைவிரலைப் போனில் ஒரு போட்டோ எடுத்து அதை முதலில் உள்ளே போட்டாள்.

"இப்போ நீங்க வந்து இதை அழிங்க."

என் பெயரில் உள்ளே போனேன். அழி என்பதை அழுத்தினேன். உங்களுக்கு இதற்கு அனுமதி இல்லை என்று வந்தது. அவள் குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"இன்னொரு தடவ."

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே வரி. அதற்கப்புறம்தான் கைப்பையைத் திறந்தாள்.